தாங்கும் இருதயமும் தாங்காத இருதயமும்

இரவு இரண்டாம் ஜாமத்தில் வீட்டார் அனைவரும் உறங்கிக்கொண்டிருக்க, ஐந்து மாதக் கர்ப்பிணியான ஒரு பெண் மட்டும் படுக்க முடியாமல் எழுந்து, தலையணைகள் இரண்டைச் சுவரில் அண்டக்கொடுத்து அவற்றின்மேல் சாய்ந்து, ஜன்னலோரக் காற்றை வாய் திறந்து வாங்கியபடி விடியுமட்டும் உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் கேட்டு எழுந்த மாமியார், "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தாம்மா செய்யும், கொஞ்சம் சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு" என்று அன்போடுதான் சொல்கிறார். அந்தச் சொல் முற்றிலும் தவறன்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், காலில் சிறிது வீக்கம் காண்பதும், அவ்வப்போது படபடப்பு உண்டாவதும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கும் நேர்வனவே. ஆனால் படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தணிந்து, நடுநிசியில் இருமலோடு விழிப்பு வருமாயின், அதைக் கர்ப்பத்தின் இயல்பென்று விட்டுவிடலாகாது. தன் சக்திக்கு மேற்பட்ட சுமை ஏறிவிட்டதென்று இருதயம் செய்யும் முறையீடு அது. அந்த முறையீடு செவியில் ஏறாத வீடுகளில், தாயும் சேயும் ஒருங்கே இழக்கப்படும் துயரம் இன்றும் நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கர்ப்பத்தை இடையில் முடித்தல் என்பது எந்தக் குடும்பமும் மனமுவந்து பேசும் விஷயம் அல்ல. பிள்ளை வரத்துக்காகக் கோயில் கோயிலாகச் சுற்றிவந்த ஒருத்தியிடம் அந்தச் சொல்லை எடுப்பதற்கு மருத்துவரின் நாவும் கூசும். கேட்கும் காதும் கூசும். எனினும், கூச்சத்தால் அந்தப் பேச்சு ஒரு மாதம் தள்ளிப்போகுமாயின், முதல் மாதங்களில் எளிதாகவும் பத்திரமாகவும் செய்யத்தக்க ஒரு சிகிச்சை பின்னர் அபாயகரமானதாக மாறிவிடுகிறது. ஆகவே, எந்த இருதயம் கர்ப்பத்தைத் தாங்கும், எந்த இருதயம் தாங்காது, தாங்காத இருதயத்துக்கு உரிய காலமும் முறையும் யாவை என்பவற்றை, நோயாளியும் அவளைச் சேர்ந்தவர்களும் அச்சமின்றி அறிந்துகொள்ளுதல் அவசியம்.

ஆரோக்கியமான ஒரு பெண்ணின் இருதயம், அவள் ஓய்வாக இருக்கும்போது, நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று அவள் ஐயுறத் தொடங்கும் ஐந்தாறாம் வாரத்திலேயே இந்தக் கணக்கு மாறத் தொடங்கிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. உடலிலுள்ள ரத்தத்தின் அளவு மெல்ல மெல்லப் பெருகிக் கடைசி மாதங்களில் முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை மிகுகிறது. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. இவற்றின் விளைவாக, 28 முதல் 32 வாரங்களுக்குள் இருதயம் ஒவ்வொரு நிமிஷமும் வழக்கத்தைக் காட்டிலும் 30 முதல் 50 சதவீதம் அதிகமான ரத்தத்தை இறைத்துக்கொண்டிருக்கிறது. வளரும் சிசுவுக்குச் சத்தும் பிராணவாயுவும் கொண்டுபோவதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. பழுதற்ற இருதயம் இந்தப் பாரத்தைத் தான் சுமப்பதாகவே உணராமல் சுமந்துவிடுகிறது.

சுமையின் உச்சமோ பிரசவத்தில் வருகிறது. கருப்பை ஒருமுறை இறுகும்போது அதனுள் இருந்த ரத்தத்தில் 300 முதல் 500 மில்லி லிட்டர் வரை பிழியப்பட்டுத் தாயின் பொதுச் சுற்றோட்டத்தில் வந்து சேருகிறது. வலியும் பதற்றமும் நாடியை மேலும் விரட்டுகின்றன. குழந்தை வெளிவந்தபின், அதுவரை வயிற்றின் பெரிய சிரையை அழுத்திக்கொண்டிருந்த பாரம் நீங்கிவிடுவதால், கால்களிலும் இடுப்பிலும் தேங்கியிருந்த ரத்தம் பெருக்கெடுத்து இருதயத்தை நோக்கிப் பாய்கிறது. பிள்ளை பிறந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று வீட்டார் சர்க்கரை வழங்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் இரண்டு மூன்று நாட்களே இருதய நோயுள்ள தாய்க்கு மிகக் கொடிய நாட்களாக அமைவதன் காரணம் இதுதான்.

இந்தப் பெருக்கை நோயுற்ற இருதயம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை, நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் ஒரு நோயைக் கொண்டே பார்ப்போம். சிறு வயதில் தொண்டைப் புண்ணாக வந்துபோகும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, சில குழந்தைகளின் உடலில் சில வாரங்கள் கழித்து மூட்டு வீக்கத்தோடு கூடிய ருமாட்டிக் காய்ச்சலை எழுப்புகிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் பாதுகாப்புப் படை, அடையாளம் தடுமாறித் தன் சொந்த இருதயத்தின் வால்வுகளையே தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் வடு ஏதுமின்றி மறைந்துவிடும். வால்வில் உண்டான காயமோ ஆண்டுக்கணக்கில் தழும்பேறித் தடித்துக்கொண்டே போகும். இருதயத்தின் இடப்புறத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவுபோல் அமைந்திருக்கும் மைட்ரல் வால்வுக்கு மெல்லிய இதழ்கள் இரண்டு உண்டு. நல்ல நிலையில் அவை விரிந்து திறக்கும்போது உண்டாகும் வழி 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் அளவுடையது. நோய் முற்றியபின் அந்த இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு, நடுவில் மீன் வாயைப்போல ஒரு சிறு பிளவு மாத்திரம் எஞ்சுகிறது. மிகக் கடுமையாகச் சுருங்கிய வால்வில் அந்தப் பிளவு 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாகி, சட்டையின் பொத்தான் துளையை நினைவூட்டும்.

மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் இறங்குவது, இருதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே இளைப்பாறும் சிறு பொழுதில்தான். நாடி நிமிஷத்துக்கு 70 என்று இருக்கையில் ஒரு துடிப்பின் முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 0.86 நொடி கிடைக்கிறது. அதுவே 120 ஆனால் அரை நொடிதான் கிடைக்கும். குறைந்துபோகும் நேரத்தின் பெரும்பங்கு அந்த இளைப்பாறும் பொழுதிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஆக, கர்ப்பம் முன்னிலும் அதிகமான ரத்தத்தைக் கொண்டுவந்து குவிக்கிறது, வழியோ குறுகியது, கடந்து போவதற்கான அவகாசமும் சுருங்கிவிட்டது. குறுகிய துளையின் வழியே ஓட்டம் இருமடங்கானால், அதைத் தள்ளுவதற்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பது நீரோட்டத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் பொதுவான பௌதிக விதி. அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலின் நுண்குழாய்களில் ஏறி, அங்கிருந்து நீர் கசிந்து, மூச்சறைகளை நனைக்கிறது. நம் கர்ப்பிணி தலையணையை அடுக்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது இதனால்தான். படுத்தால் கால்களிலுள்ள ரத்தமும் மார்பை நோக்கி வந்து சேருகிறது. உட்கார்ந்தால் அது சற்றே கீழே இறங்கி நிற்கிறது.

மைட்ரல் சுருக்கத்துக்கு மருந்தும் உண்டு, வால்வைத் திறக்கும் வழியும் உண்டு. அத்தகைய விமோசனம் எளிதில் கிட்டாத நோய்கள் வேறு சில இருக்கின்றன. பிறவியிலேயே இருதயத்தின் நடுச்சுவரில் பெரிய ஓட்டையோடு பிறந்து, உரிய வயதில் அது அடைக்கப்படாமற்போன பெண்களில் சிலருக்கு, அளவுக்கு மீறிப் பாய்ந்த ரத்தத்தின் தாக்குதலால் நுரையீரலின் தமனிகள் தடித்து இறுகிவிடுகின்றன. அதன்பின் அசுத்த ரத்தம் நுரையீரலுக்குப் போக வழியின்றி, அதே ஓட்டையின் வழியே திசைமாறி உடலுக்குள் பாய்கிறது. உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கின்றன. 1897-இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் இத்தகைய ஒரு நோயாளியை விவரித்தமையால் இது ஐசன்மெங்கர் நோய் எனப்படுகிறது. கர்ப்பத்தில் உடலின் ரத்தக் குழாய்கள் தளரும்போது, இறுகிய நுரையீரல் குழாய்கள் மட்டும் தளர்வதில்லை. ஆகவே நுரையீரலை விட்டு விலகி ஓடும் அசுத்த ரத்தத்தின் அளவு இன்னும் பெருகுகிறது. இந்நோயோடு கர்ப்பத்தைத் தொடர்ந்த பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை மாண்டதாகவே நெடுங்கால மருத்துவ அனுபவம் கூறிவந்திருக்கிறது. அம்மரணங்களில் பல, பிரசவத்துக்குப் பிந்திய நாட்களில் நேர்ந்தவை.

இவ்வாறே, பிற காரணங்களால் நுரையீரல் தமனிகளில் கடும் அழுத்தம் உடையவர்களும், இருதயத் தசை நலிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையில் உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு முப்பது பங்கைக்கூட வெளியேற்ற இயலாதவர்களும், முந்திய பிரசவத்தை ஒட்டி இருதயத் தசை பழுதுற்று அது முற்றும் குணமாகாதவர்களும், உடலின் இணைப்புத் திசுக்களை நலிவிக்கும் மார்ஃபான் என்ற பிறவி நோயினால் மகாதமனி 45 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து எந்நேரமும் கிழிந்துவிடக்கூடிய நிலையில் இருப்பவர்களும், கர்ப்பமே தவிர்க்கத்தக்கது என்று மருத்துவம் எச்சரிக்கும் வரிசையில் சேர்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பைத் தழுவி, மருத்துவர்கள் இருதய நோயுள்ள கர்ப்பிணிகளை நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பில் இருப்பவர்களில் நூற்றுக்கு 2.5 முதல் 5 பேருக்கே கர்ப்பகாலத்தில் இருதயச் சிக்கல் நேரிடும் என்றும், நான்காம் வகுப்பில் இருப்பவர்களில் நூற்றுக்கு 40 பேர் முதல் ஏறத்தாழ அனைவருக்குமே அது நேரிடலாம் என்றும் 2018-ஆம் ஆண்டின் ஐரோப்பிய இருதய நோய் வழிகாட்டி மதிப்பிட்டது. கர்ப்பத்தை முடிப்பது பற்றி வெளிப்படையாகப் பேசியே ஆகவேண்டிய வகுப்பு இந்த நான்காவதுதான்.

இதைப் படிக்கும் சகோதரி ஒருவருக்கு இருதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்குமாயின், அவர் உடனே கலங்கிவிட வேண்டியதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சிறு வயதில் ஓட்டை அடைக்கப்பட்டு நலமாக இருப்பவர்களும், வால்வில் இலேசான கசிவு உடையவர்களும், இவர்களை ஒத்த பலரும் தக்க கவனிப்போடு சுகமாகப் பெற்றெடுக்கிறார்கள். நோயின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்வது, கலைக்க வேண்டிய இடத்தில் மௌனம் சாதிப்பதற்கு ஒப்பான பிழையே.

மருத்துவ உலகம் இந்த நிதானத்துக்கு வந்து சேர நெடுநாள் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர்களிடையே, இருதய நோயுள்ள பெண்ணுக்கு விவாகமும், விவாகமானால் கர்ப்பமும், தாயானால் தாய்ப்பால் ஊட்டுவதும் கூடாவென்று அடுக்கடுக்காக விலக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் சாதாரண மருத்துவராகத் தொழில் புரிந்துகொண்டிருந்த ஜேம்ஸ் மெக்கன்ஸி, தம் பொறுப்பில் இருந்த ஓர் இளம் பெண் பிரசவத்தின்போது இருதயம் சோர்ந்து மாண்டதைக் கண்டு உள்ளம் வருந்தி, எந்த இருதயம் தாங்கும், எது தாங்காது என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லையா என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகவே மேற்கொண்டார். 1921-இல் அவர் இருதய நோயையும் கர்ப்பத்தையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். காதில் கேட்கும் ஒலியைக் காட்டிலும், வேலை செய்யும் ஆற்றல் அந்த இருதயத்துக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதே முக்கியம் என்ற அவருடைய கொள்கை, நோயாளியைப் பரிசோதிக்கும் முறையையே மாற்றியது.

1948-ஆம் ஆண்டு வேறொரு வாயிலைத் திறந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கெனும், லண்டனில் ரஸல் பிராக்கும், சில மாத இடைவெளிகளில், துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தினுள் விரலையோ கருவியையோ செலுத்தி, ஒட்டிக்கிடந்த மைட்ரல் இதழ்களைப் பிரித்துக் காட்டினர். அடுத்த ஆண்டே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்பு அறுவைத் துறையை நிறுவினார். ஜப்பானியரான கான்ஜி இனோவே 1980-களில் உருவாக்கிய பலூன் முறையோ மார்பைத் திறக்கும் தேவையையே பல நோயாளிகளுக்கு இல்லாமற்செய்துவிட்டது. தொடைச் சிரையின் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, வால்வின் நடுவே பலூனை விரித்து, ஒட்டிய ஓரங்களைப் பிரிக்கும் இந்தச் சிகிச்சையை, மருந்துக்கு அடங்காத மூச்சுத் திணறலுடைய கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்துக்குப் பின்னர், வயிற்றுக்கு ஈயத் தடுப்பிட்டுச் செய்கிறார்கள். முன்னொரு காலத்தில் கருக்கலைப்பு ஒன்றே வழி என்றிருந்த பெண்களில் பலர் இதனால் தாயாகியிருக்கிறார்கள். ஆகவே மைட்ரல் சுருக்கத்தில், கர்ப்பத்தை முடிப்பதா அன்றி வால்வைத் திறந்து கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது, வால்வின் நிலையையும் வாரக் கணக்கையும் அருகிலுள்ள மருத்துவமனையின் வசதியையும் வைத்து நிர்ணயிக்கப்பட வேண்டிய கேள்வி.

இத்தனை வழிகளையும் ஆராய்ந்த பிறகும், கர்ப்பத்தை முடிப்பதே தாயைக் காக்கும் வழி என்ற முடிவு ஏற்படுமாயின், அதை எப்பொழுது செய்வது என்பதற்கு மருத்துவம் தரும் விடை தெளிவானது: முதல் மூன்று மாதங்களுக்குள், இயன்றமட்டும் முன்னதாக. எட்டாவது வாரத்தில் ரத்தத்தின் பெருக்கம் இன்னும் ஆரம்ப நிலையிலேதான் இருக்கிறது, கருப்பை சிறியது, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை சில நிமிஷங்களில் முடிந்துவிடும், ரத்தப்போக்கும் சொற்பமே. இருபதாவது வாரத்திலோ இருதயம் ஏற்கெனவே பெரும் பாரத்தில் தத்தளிக்கிறது, செய்ய வேண்டிய சிகிச்சையும் கடினமானது, ரத்தச்சேதமும் மிகுதி. எந்தப் பெண்ணுக்குக் கர்ப்பம் மிக ஆபத்தானதோ, அந்தப் பெண்ணுக்கே காலம் கடந்த கருக்கலைப்பும் மிக ஆபத்தானது. வாரம் ஒன்று வீணாகப் போவதென்பது, மற்ற நோய்களில் தாமதம் செய்வதைப் போன்றதன்று.

கருக்கலைப்பு சிறிய சிகிச்சைதானே, தெருக்கோடி மருத்துவமனையில் கருப்பையைச் சுரண்டும் டி.என்.சி. ஒன்றைச் செய்துகொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. ஆரோக்கியமான பெண்ணுக்கு அந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். நான்காம் வகுப்பு நோயாளிக்கு அது உயிர்ப்பகை. வலியைத் தணிக்காமல் செய்தால் நாடி விரைந்து, மைட்ரல் சுருக்கமுள்ளவளின் நுரையீரலில் நீர் கோத்துவிடும். வலி தெரியாமலிருக்க முதுகுத்தண்டில் ஊசி போட்டாலோ, ரத்த அழுத்தம் திடீரென்று தாழ்ந்து, ஐசன்மெங்கர் நோயாளியின் உயிருக்கே உலை வைக்கும். இருதய மருத்துவர், மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகிய மூவரும் ஒருங்கே கலந்து, அந்தக் குறிப்பிட்ட நோயாளிக்கு எது பொருந்துமென்று முன்னதாகவே திட்டமிட வேண்டும். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவள் ரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் மருந்து உண்பவள்; அந்த மருந்தை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும், நிறுத்தாவிட்டால் கருக்கலைப்பின்போது ரத்தம் நிற்காது; இந்த இரண்டுக்கும் நடுவே, சிறிது நேரமே செயற்படும் ஹெப்பாரின் ஊசியைக் கொண்டு மணிக்கணக்கில் அளந்து நடக்க வேண்டியிருக்கிறது.

மருந்துகளின் தேர்விலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு காலத்தில் நான்கைந்து மாதக் கர்ப்பத்தை முடிக்கக் கருப்பைக்குள் செறிவான உப்பு நீரைச் செலுத்துவார்கள். அந்த உப்பு ரத்தத்தில் கலந்தால், சுற்றியுள்ள திசுக்களின் நீரையெல்லாம் இழுத்து ரத்த அளவைப் பெருக்கி, நலிந்த இருதயத்தை மூழ்கடித்துவிடும். கருப்பையை இறுகச்செய்யும் புரோஸ்டாகிளாண்டின் வகையில் எஃப்-2-ஆல்ஃபா என்பது நுரையீரலின் தமனிகளை இறுக்கும் தன்மையது. ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் எர்கோமெட்ரின் ஊசி உடலின் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை உயர்த்துவது. அதே பயனுக்கான ஆக்ஸிடோசின் ஊசியோ வேகமாக ஏற்றினால் அழுத்தத்தைத் தாழ்த்துவது. ஆரம்ப வாரங்களில் மிஃபெப்ரிஸ்டோன், மிஸோப்ரோஸ்டால் என்ற மாத்திரைகளைக் கொண்டே கர்ப்பத்தை முடிக்க இயலும் என்பது உண்மைதான். ஆனால் இருதய நோயுள்ள ஒருத்தி அவற்றை மருந்துக்கடையில் தானே வாங்கி உட்கொண்டு, எவ்வளவு ரத்தம் போகிறதென்று அறியாமல், யாருக்கும் சொல்லாமல் வீட்டின் ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பாளாயின், அதைப்போன்ற அபாயம் வேறில்லை. அந்த மாத்திரைகளை அவள் உட்கொள்வது, ரத்தம் ஏற்றவும் கருப்பையைச் சுத்தம் செய்யவும் வசதியுள்ள மருத்துவமனையின் கட்டிலில்தான் நடைபெற வேண்டும்.

நாட்கள் கடந்து, மூச்சுத் திணறி, நுரையீரலில் நீர் கோத்த நிலையில் ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ கொண்டுவரப்படும் பெண்ணின் விஷயம் வேறு. அந்த வேளையில் கர்ப்பத்தை அவசரமாக முடிக்க முனைவதே அவளை வீழ்த்திவிடலாம். முதலில் மருந்துகளால் இருதயத்தை நிலைப்படுத்தி, திறக்கத்தக்க வால்வு இருந்தால் அதைத் திறந்து, பிறகு எந்த வாரத்தில் எவ்வாறு பிரசவம் நடத்துவதென்று தீர்மானிப்பதே உசிதம்.

சட்டம் இவ்விஷயத்தில் பெண்ணின் பக்கம் நிற்கிறது என்பதைப் பலர் அறியார். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்தாலன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாகவே கருதியது. 1964-இல் நியமிக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கர்ப்பம் தாயின் உயிருக்கு அபாயமோ, அவளது உடல் மன நலத்துக்குக் கடுமையான தீங்கோ விளைவிக்கும் என்ற நிலையில், 20 வாரம் வரை பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தே போதும். விதிகள் குறிப்பிடும் சில வகைப் பெண்களுக்கு இருவர் கருத்தின்மேல் 24 வாரம் வரை அனுமதி உண்டு. தாயின் உயிரைக் காக்க உடனடியாகச் செய்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதும் நிலையிலோ இந்த வார வரம்பு குறுக்கே நிற்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே சட்டம் கேட்பது. கணவனின் கையெழுத்தையோ மாமனாரின் அனுமதியையோ அது கேட்கவில்லை. ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும், பிறகு கையெழுத்திடலாம் என்று காத்திருக்கும் நாட்கள், சட்டத்துக்காகக் காத்திருக்கும் நாட்கள் அல்ல.

சம்மதம் அவளுடையது என்றால், அந்தச் சம்மதத்துக்கு ஆதாரமான செய்தியும் முழுமையாக அவளுக்கே சொல்லப்பட வேண்டும். மருத்துவர் அறையில் கணவனையும் தகப்பனாரையும் உட்காரவைத்து விவரம் முழுவதையும் சொல்லிவிட்டு, நோயாளியை வெளியே பெஞ்சியில் காக்கவைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இருதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் என்ன தெரிந்தது, கர்ப்பத்தைத் தொடர்ந்தால் என்ன நேரலாம், முடித்தால் என்ன நேரலாம், இடைவழி ஏதேனும் உண்டா என்பவற்றை அவள் தன் காதால் கேட்டு, தன் வாயால் வினவி, அழ வேண்டுமானால் அழுது, பிறகு முடிவு செய்ய வேண்டும். அபாயத்தை முழுவதும் உணர்ந்தும் கர்ப்பத்தைத் தொடரவே விரும்புவாளாயின், அவளைக் கடிந்துகொள்ளாமல், கைவிடாமல், இறுதிவரை துணை நிற்பது மருத்துவத்தின் தர்மம். முடித்துவிடச் சம்மதிப்பாளாயின், அவள் இழந்தது ஒரு பிள்ளைக் கனவு என்பதை உணர்ந்து, பெற்றவளுக்குச் செய்யும் பணிவிடையை இவளுக்கும் குறைவின்றிச் செய்வது குடும்பத்தின் தர்மம். உயிர் பிழைத்ததே போதும் என்று அவள் வாயை அடைத்துவிடலாகாது. துக்கப்படுவதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

மீண்டும் ஒரு கர்ப்பம் நேராமல் பார்த்துக்கொள்வதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் தன்மையை மிகுவிப்பதால், செயற்கை வால்வு உடையவர்களுக்கும் உடல் நீலம் பாரித்தவர்களுக்கும் ஆகா. அவரவர் நோய்க்குத் தக்க வேறு சாதனங்களை மருத்துவர் தேர்ந்து சொல்வார். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு, மயக்க மருந்தைத் தாங்க மாட்டாத மனைவியையே மேசையில் கிடத்த வேண்டுமா என்று ஒவ்வொரு கணவனும் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கான வாசக்டமி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிஷங்களில் முடித்துவிடும் சிறு சிகிச்சை. அதனால் ஆண்மை குன்றுவதுமில்லை, உழைக்கும் ஆற்றல் குறைவதுமில்லை. நோயுற்ற மனைவிக்கு ஒரு கணவன் அளிக்கக்கூடிய காணிக்கைகளில் இதனினும் சிறந்தது அரிது.

இவ்வளவுக்கும் மேலாக, கேள்வியைக் கர்ப்பத்துக்கு முன்பே கேட்டுவிட்டால், கலைப்பதா வேண்டாமா என்ற வேதனையே பலருக்கு நேராது. சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 2016 முதல் 2019 வரை இருதய நோயுள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்ந்தபோது, 1,029 கர்ப்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கில், நோய் இருப்பதே கர்ப்பகாலத்தில்தான் முதன்முதலாகத் தெரியவந்தது. நூற்றுக்கு 42 பங்கு ருமாட்டிக் காய்ச்சல் விட்டுச்சென்ற வால்வு நோய். தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்திருந்தால், ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைத் தவறாமல் போட்டிருந்தால், இந்தப் பெண்களில் எத்தனையோ பேர் பழுதற்ற இருதயத்தோடு தாய்மையை அடைந்திருப்பார்கள். நோய் தெரிந்த வீடுகளிலும், கல்யாணம் தடைப்பட்டுவிடுமே என்று பெண்ணின் மார்பிலுள்ள அறுவைத் தழும்பை ரவிக்கைக்குள் மறைத்து, மாத்திரைச் சீட்டைப் பெட்டியின் அடியில் ஒளித்து, அவளைப் புக்ககத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்த ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக அவள் மருந்தையும் நிறுத்திவிடுகிறாள். ஐந்தாம் மாதத்து நள்ளிரவில் அந்த ரகசியம் தானாகவே வெளிப்படுகிறது.

ஆகவே பெற்றோரையும், மணமக்களையும், மாமியார்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்தவள், இருதயத்தில் ஓட்டை என்று எப்பொழுதோ யாரோ சொல்லக் கேட்டவள், நாலு குடம் தண்ணீர் தூக்குவதற்குள் மற்றவர்களைவிட முன்னதாக இளைத்துப்போகிறவள், விவாகத்துக்கு முன்பே ஒருமுறை எக்கோ பரிசோதனை செய்துகொள்ளட்டும். நோய் இருப்பது தெரிந்தவள், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தன் இருதயம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று மருத்துவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதையும் மீறி நாள் தள்ளிப்போனால், அந்த வாரமே மருத்துவமனைக்குப் போகட்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் அவளைத் தடுக்க வேண்டாம். கர்ப்பிணியொருத்தி இரவில் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கக் கண்டால், சுடுதண்ணீரோடு நிறுத்திவிடாமல், வண்டி வைத்து அன்றிரவே அழைத்துச் செல்லுங்கள்.